ஆணி ஓட்டையும் அட்வான்ஸ் பணமும்

ஆடி பிறப்பதற்குள் வீடு மாறிவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் பள்ளி விடுமுறை முடியும் சமயத்தில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, காலி செய்த வீடுகளைப் பற்றியே இருக்கும். இம்முறை சுவரைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்களின் விருப்பப்படி ஊர்ப் பெயர் மட்டும் தரப்படுகிறது.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் வீட்டின் மாடிப் பகுதியைப் புதிதாகப் பெயின்ட் அடித்து ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டேன். நான்கு ஆண்டுகள் இருந்தார்கள். வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000 ரூபாய். வாடகையை ஒழுங்காகக் கொடுத்த நல்ல மனிதர்கள்தாம். ஆனால் காலி செய்த பிறகு மேலே போய்ப் பார்த்தால், சுவர்களில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆணி ஓட்டைகள், டி.வி. மாட்டியிருந்த இடத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு நான்கு துளைகள், கூடத்துச் சுவரில் இடுப்புயரம் வரை குழந்தையின் கிரேயான் கிறுக்கல். நிறமும் மங்கிவிட்டது. வீடு முழுவதும் பட்டி பார்த்து, அதாவது சுவரின் குழிகளை மாவுப் பூச்சால் நிரப்பிச் சமமாக்கி, இரண்டு கோட் அடிக்கப் பெயின்டர் 48,000 ரூபாய் கேட்கிறார். இதை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாமா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முழுத் தொகையைப் பிடித்துக்கொள்வது நியாயமாகாது, அம்மா. சட்டமும் அதற்குத் துணை நிற்காது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவிலேயே, குடியிருப்பவர் இடத்தைப் பெற்றுக்கொண்டபோது எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையில் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, நியாயமான தேய்மானத்தை அந்தக் கடமையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே நிலைப்பாட்டைத்தான் எடுத்திருக்கிறது; அதன் அட்டவணையில் சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்புகளில் வருகின்றன. குழாய் வாஷர், சுவிட்ச், ஜன்னல் கண்ணாடி, கதவுப் பூட்டு போன்றவை குடியிருப்பவரின் பக்கம் வருகின்றன.

ஆகவே உங்கள் சுவரில் இருப்பதை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். நிறம் மங்கியது காலத்தின் வேலை. உங்கள் கூடத்தில் தினசரிக் காலண்டர் தொங்கிய இடத்தைப் போய்ப் பாருங்கள். அந்தச் செவ்வகம் மட்டும் நான்கு ஆண்டுக்கு முன்பு அடித்த அன்று போலப் பளிச்சென்று இருக்கும், சுற்றிலும் உள்ளது வெளுத்திருக்கும். அந்த வெளுப்புக்கு யாரையும் குறை சொல்ல இயலாது. இரண்டாவது, ஆணி ஓட்டைகள். ஒரு குடும்பம் நான்கு ஆண்டு வாழ்ந்த வீட்டில் சுவாமி படங்களுக்கும், கடிகாரத்துக்கும், காலண்டருக்கும், முகம் பார்க்கும் கண்ணாடிக்கும், கொசுவலை கட்ட அறைக்கு நான்கு மூலையிலும் ஆணி அடித்திருந்தால் அதுவே இருபதைத் தொட்டுவிடும். இவற்றை நான் தேய்மானக் கணக்கில்தான் வைப்பேன். மூன்றாவது, டி.வி. துளைகளும் கிரேயான் கிறுக்கலும். இவை வாழ்வதற்கு அவசியமானவை அல்ல, சரி செய்யாமல் போனதும் அவர்கள்தாம். இங்கே அவர்களிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பெயின்டரிடம் வீடு முழுவதற்குமான தொகையைக் கேட்டதுதான் கணக்கைக் குழப்பிவிட்டது. துளைகளை அடைக்க எவ்வளவு, கூடத்தின் அந்த ஒரு சுவரைக் கழுவிப் பிரைமர் என்ற அடிப்பூச்சு வைத்து அடிக்க எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். துளைகளுக்கு 2,000 ரூபாய், சுவருக்கு 4,000 ரூபாய் என்று அவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். துளைகளுக்கான 2,000 ரூபாயை முழுதாக வாங்கலாம். சுவரில் இருந்த பெயின்டோ ஏற்கெனவே நான்கு ஆண்டு உழைத்துவிட்டது. உள்சுவர்ப் பெயின்ட் ஐந்தாண்டு தாங்கும் என்று எடுத்துக்கொண்டால் மீதமிருந்தது ஐந்தில் ஒரு பங்கு. 4,000-இல் அது 800 ரூபாய். ஆக 2,800 ரூபாயைக் கழித்துக்கொண்டு, எதற்காகக் கழித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, மீதி 57,200 ரூபாயைத் திருப்பித் தருவது முறை. ஐந்தாண்டு என்பது நான் கையாளும் கணக்கு. சட்டத்தில் அப்படி ஓர் எண் இல்லை. நீங்கள் நான்கு என்று வைத்தால் சுவருக்கான தொகை போய்விடும். ஆறு என்று வைத்தால் சற்றுக் கூடும். எப்படிப் பார்த்தாலும் 48,000-க்குப் பக்கத்தில் வராது.

இதை எழுதும்போது, பல ஆண்டுகளுக்கு முன் நான் குடியிருந்த ஒரு வீட்டின் உரிமையாளர் நினைவுக்கு வருகிறார். காலி செய்த அன்று விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாகப் பிடித்து அறை அறையாக ஓட்டைகளை எண்ணினார். பதினேழு வந்தது. அவற்றில் ஐந்து, நான் குடிவருவதற்கு முன்பே இருந்து, அவர் அடைக்காமல் மேலே பெயின்ட் மட்டும் அடித்துவிட்டவை. உள்ளே எட்டிப் பார்த்தால் ஓட்டைக்குள்ளும் அதே மஞ்சள் நிறம் இருந்தது. அதைக் காட்டிய பிறகுதான் எண்ணிக்கை பன்னிரண்டானது. அவருடைய எண்ணிக்கை எனக்கு அன்று எரிச்சலாக இருந்தாலும், டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கும் அந்த முறையைப் பிறகு என் வேலையில் ஆயுள் முழுக்கப் பயன்படுத்தினேன். பட்டி சரியாகத் தேய்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

கேள்வி: வரும் திங்கட்கிழமை வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும். படுக்கையறையிலும் கூடத்திலும் உள்ள ஆணி ஓட்டைகளை ஞாயிற்றுக்கிழமை நானே அடைத்துவிட நினைக்கிறேன். வெள்ளைச் சிமென்ட் போதுமா, பட்டி வாங்க வேண்டுமா? பற்பசையே போதும் என்கிறார் நண்பர். – வாசகர், திருச்சி

பதில்: பற்பசை, அடைத்த அன்று மட்டும் அழகாக இருக்கும். காய்ந்ததும் சுருங்கி உள்ளே இறங்கிவிடும். அதன் மேல் அடிக்கும் பெயின்ட்டும் அந்த இடத்தில் ஒழுங்காகப் பிடிக்காது. சாவி கொடுத்த மறுவாரமே உங்கள் நண்பரின் யோசனை வீட்டு உரிமையாளருக்குத் தெரிந்துவிடும். வெறும் வெள்ளைச் சிமென்ட்டும் சற்றுத் தடிமனாக வைத்தால் மயிரிழை விரிசல் விட்டு நிற்கும், தேய்ப்பதும் கடினம். வெள்ளைச் சிமென்ட்டோடு பிசின் பொருள்கள் சேர்த்து வரும் தூள் பட்டி ஒரு கிலோ பொட்டலமாக ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். உங்கள் தேவைக்கு அதில் பாதி மிஞ்சும். கூடவே 120, 220 எண் உப்புத்தாள் ஒவ்வொன்று வாங்கிக்கொள்ளுங்கள். பட்டித் தகடு வாங்க வேண்டாம், காலாவதியான ஏ.டி.எம். அட்டை இந்த வேலைக்குப் போதும்.

ஆணியை நேராகப் பிடித்து இழுத்தால் பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். குறடால் பிடித்து இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்திய பிறகு இழுங்கள். சுத்தியலின் பிளவால் நெம்புவதாக இருந்தால் அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு மரத்துண்டையோ மடித்த அட்டையையோ வையுங்கள். பிளாஸ்டிக் கட்டை வைத்த துளையாக இருந்தால், அதற்குள் ஒரு திருகாணியைப் பாதிவரை திருகி, ஆணியோடு கட்டையைப் பிடித்து இழுத்தால் வெளியே வந்துவிடும். வர மறுத்தால் அடம் பிடிக்காதீர்கள்; கால் அங்குலம் உள்ளே தட்டிவிட்டு மேலே அடைத்துவிடலாம்.

ஆணி எடுத்த இடத்தைச் சுற்றிப் பெயின்ட் சிறு உதடு போல எழும்பி நிற்கும். பலரும் இதைக் கவனிக்காமல் அதன் மேலேயே பட்டியை அப்பிவிடுவதால்தான், எவ்வளவு தேய்த்தாலும் பரு போல ஒரு மேடு மிஞ்சுகிறது. கரண்டியின் பின்புறத்தால் அதை உள்நோக்கி அழுத்துங்கள், அல்லது பிளேடால் சீவிவிடுங்கள். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துளைக்குள் இருக்கும் தூசியைத் தட்டி, நனைத்த பிரஷ்ஷால் ஒரு முறை உள்ளே ஈரம் காட்டுங்கள். காய்ந்த சுவர் பட்டியில் இருக்கும் நீரைக் குடித்துவிடும். நீர் போன பட்டி இறுகாமல் மாவாகவே உதிரும்.

கொட்டாங்குச்சியில் சிறிது தண்ணீர் விட்டு, அதில் தூளைத் தூவிக் கலக்குங்கள். தூளில் தண்ணீர் விட்டால் கட்டி விழும். சுவர் முழுவதும் இழுக்கப் பெயின்டர்கள் இட்லி மாவுப் பதத்தில் கரைப்பார்கள். ஓட்டைக்கு அது தளர்ச்சி. சப்பாத்தி மாவைவிடச் சற்று இளகலாக இருந்தால் விரலால் திணிக்க வசதியாக இருக்கும். கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்பதால் சிறிது சிறிதாகக் கலப்பதே நல்லது. காலையில் முதல் தடவை, சுவரின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்குமாறு அடையுங்கள். நான்கைந்து மணி நேரம் கழித்து இரண்டாவது தடவை, மட்டத்துக்கு ஒரு மயிரிழை மேலே நிற்குமாறு அட்டையால் இழுத்துவிடுங்கள். மாலையில் நன்றாகக் காய்ந்ததைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு 120-ஆம் எண் தாளால் வட்டமாகத் தேய்த்து, 220-ஆல் வழவழப்பாக்குங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. டி.வி. துளை போன்ற ஆழமானவற்றை ஒரே தடவையில் நிரப்பினால் உள்ளே ஈரம் தங்கி வெளியே குழி விழும். அவற்றுக்கு மூன்று தடவை தேவைப்படும் என்பதால் சனிக்கிழமை இரவே தொடங்கிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பின் சுவரில் வெள்ளைப் பொட்டுகள் தெரியும். அவற்றின் மேல் பெயின்ட் அடிக்க வேண்டுமா என்பதை வீட்டு உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் எப்படியும் முழுவதும் அடிக்கப் போகிறார் என்றால், அடைத்துத் தேய்த்து விட்டதே அவருக்குப் பெரிய உதவி. தவறான நிறத்தை நீங்களாகத் தீற்றி வைத்தால் அவருக்கு வேலைதான் கூடும்.

கேள்வி: குடியிருந்தவர் போனதும் பட்டி பார்த்த இடங்களில், பரணில் மீதமிருந்த அதே டப்பாப் பெயின்ட்டைத் தொட்டு வைத்தேன். சுவர் முழுவதும் தேமல் படர்ந்தது போல ஆகிவிட்டது. ஒரே பெயின்ட் எப்படி இரண்டு நிறமாகும்? – வாசகர், சேலம்

பதில்: டப்பாவுக்குள் இருந்தது வெளுக்கவில்லை, சுவரில் இருந்தது வெளுத்துவிட்டது, முதல் காரணம் அது. இரண்டாவது, பட்டியின் மேல் பிரைமர் வைக்காமல் நேராக அடித்திருப்பீர்கள். வெறும் பட்டி பெயின்ட்டை உறிஞ்சிவிடுவதால் அந்த இடம் மட்டும் பளபளப்பில்லாமல் மங்கலாக நிற்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இன்னும் கண்ணை உறுத்தும். மூன்றாவது, பழைய பெயின்ட் ரோலரில் அடிக்கப்பட்டு, நீங்கள் பிரஷ்ஷில் தொட்டிருந்தால் மேற்பரப்பின் சொரசொரப்பே வேறுபடும். ஒளி அதில் வேறுவிதமாகத்தான் விழும்.

இதற்கு ஒரே தீர்வு, பொட்டுப் பொட்டாகத் தொடாமல் அந்தச் சுவரை மூலையிலிருந்து மூலை வரை, மேலிருந்து கீழ் வரை முழுதாக ஒரு கோட் அடிப்பதுதான். இரண்டு சுவர்கள் சந்திக்கும் மூலையில் சிறிய நிற வேறுபாட்டைக் கண் கண்டுபிடிக்காது. ஒவ்வொரு சுவரிலும் வெளிச்சம் வேறுவிதமாக விழுவதால் அது மறைந்துவிடும். அறையின் நான்கு சுவர்களில் மூன்றைத் தொடாமலேயே விட்டுவிடலாம். பழைய டப்பாவைத் திறந்ததும் புளித்த நாற்றம் வந்தாலோ, கலக்கிய பிறகும் திரிதிரியாக இருந்தாலோ பயன்படுத்தாதீர்கள். டப்பாவில் ஒட்டியிருக்கும் ஷேட் எண்ணைக் கடையில் காட்டினால், நிறம் கலக்கும் இயந்திரத்தில் ஒரு லிட்டர் மட்டும் கலந்து தருவார்கள்.

கேள்வி: பூஜை அலமாரிக்கு மேலே விளக்குப் புகை, அடுப்புக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கு, மகனின் அறையில் பால்பாயின்ட் பேனா கோடுகள், ஒட்டும் கொக்கிகள் என்று எல்லாமே இருக்கின்றன. காலி செய்வதற்கு முன் என்ன செய்யலாம்? – வாசகி, மதுரை

பதில்: புகையையும் எண்ணெயையும் மறைக்கும் ஆசையில் அவற்றின் மேல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். எண்ணெயின் மேல் பெயின்ட் ஒட்டாது, சில மாதங்களில் தோலாக உரியும். புகையோ இரண்டு கோட் அடித்த பிறகும் மஞ்சளாக மேலே ஏறி வரும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் திரவத்தைக் கலந்து, மெல்லிய பஞ்சால் கீழிருந்து மேலாகத் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் ஒருமுறை துடையுங்கள். மேலிருந்து கீழாகத் துடைத்தால் அழுக்கு நீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடாக நின்றுவிடும். கழுவக்கூடிய எமல்ஷனாக இருந்தால் இதைத் தாங்கும். டிஸ்டெம்பர் அடித்த சுவராக இருந்தால் நிறமே கரைந்து பஞ்சில் வந்துவிடும் என்பதால், கண்ணில் படாத ஓர் ஓரத்தில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

கிரேயானுக்கு ஈரத்துணியில் சிறிது சமையல் சோடாவைத் தொட்டு அழுத்தாமல் தேய்த்தால் போதும். பேனா மைதான் தொல்லை பிடித்தது. அதன் மேல் நீரில் கரையும் பெயின்ட்டை எத்தனை கோட் அடித்தாலும் மை ஊறி மேலே வந்துகொண்டே இருக்கும். எண்ணெய் வகைப் பிரைமரை அந்த இடத்தில் மட்டும் ஒரு கோட் வைத்துக் காயவிட்டுப் பிறகு அடித்தால் அடங்கும். ஒட்டும் கொக்கிகளைப் பிய்க்க வேண்டாம். முடி உலர்த்தும் கருவியால் ஒரு நிமிடம் சூடு காட்டி, பசை இளகியதும் தையல் நூலைக் கொக்கிக்கும் சுவருக்கும் நடுவே விட்டு அறுப்பது போல இழுங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டு குடியிருந்த வீட்டைக் காலி செய்தேன். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை; உரிமையாளரே வந்து பார்த்துப் பாராட்டினார். ஆனாலும் "பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது இங்கே வழக்கம்" என்று 18,000 ரூபாயைக் கழித்துவிட்டார். ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு வரி இருக்கிறது. – வாசகர், சென்னை

பதில்: சென்னையில் இந்த வழக்கம் இருப்பது உண்மை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கிய காலத்தில், அதிலிருந்து ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு ஒன்பதைத் திருப்பித் தருவது யாருக்கும் உறுத்தவில்லை போலும். 2017-ஆம் ஆண்டுச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முன்பணத்தை மூன்று மாத வாடகையோடு நிறுத்துகிறது. அந்த அளவில் ஒரு மாதம் என்பது மூன்றில் ஒரு பங்கு. முன்பணத்திலிருந்து கழிக்க வேண்டியது குடியிருந்தவர் உண்மையில் தர வேண்டிய தொகையைத்தான். சேதமே இல்லாத இடத்தில் "வழக்கம்" என்பது கடன் ஆகிவிடாது.

ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட வரி ஒன்று குறுக்கே நிற்கிறது. அந்த வரியின் சொற்களை நிதானமாகப் படியுங்கள். "பெயின்டிங் செலவு குடியிருப்பவரைச் சேர்ந்தது" என்று இருந்தால், செலவு செய்ததற்கான ரசீதைக் கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது. அவர் பெயின்டே அடிக்காமல் அடுத்தவருக்கு வீட்டைக் கொடுத்திருந்தால் செலவு என்று ஒன்று இல்லவே இல்லை. "ஒரு மாத வாடகை கழிக்கப்படும்" என்று தொகையாகவே எழுதியிருந்தால் வாதம் சிக்கலாகும். அட்டவணையில் வெள்ளையடிப்பு உரிமையாளரின் பொறுப்பாக இருப்பதை வைத்து வழக்கறிஞர் ஒருவரைக் கலந்தாலோசிக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவரே பாராட்டியதை, தேதியோடு அதில் குறிப்பிடுங்கள். பேச்சில் தீராவிட்டால் வாடகை அதிகாரியிடமும் வாடகை நீதிமன்றத்திடமும் போகும் வழி அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவும் செய்யப்பட்டிருந்தால் அந்தப் பாதை சுலபம். 18,000 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதை நீங்கள்தாம் முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால் கடிதம் வரைக்கும் நிச்சயம் போவேன்.

கேள்வி: குடியிருந்தவர் ஏ.சி.க்காகச் சுவரில் போட்ட மூன்று அங்குலத் துளையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். பட்டி வைத்தே அடைத்துவிடலாமா? – வாசகர், திருநெல்வேலி

பதில்: பட்டி பூச்சுக்கு மேல் போடும் மெல்லிய படலம், அதைக் கொண்டு ஒன்பது அங்குலச் சுவரை நிரப்ப முடியாது. அடுத்து வருபவரும் ஏ.சி. வைக்கப் போகிறவர் என்று தெரிந்தால் அடைக்கவே வேண்டாம்; இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மூடி பொருத்தி, வெளிப்பக்க விளிம்பில் சீலன்ட் வைத்துவிடுங்கள், பல்லியும் எறும்பும் மழைச்சாரலும் வராது. அடைப்பதாக இருந்தால் துளையை நன்றாக நனைத்து, உடைத்த செங்கல் துண்டுகளையும் ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நான்கு பங்கு மணல் சேர்த்த கலவையையும் மாற்றி மாற்றி இரண்டு பக்கமிருந்தும் திணிக்கச் சொல்லுங்கள். சுவர் மட்டத்துக்கு அரை அங்குலம் முன்பே நிறுத்தி, மறுநாள் கொத்தனார் கரணையால் பூச்சுப் பூசி, ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டும். பூச்சு நன்றாக உலராமல் பட்டி வைத்தால் உப்பிக்கொண்டு வரும். இந்தச் செலவு முழுவதையும் அட்வான்ஸில் கழிக்கலாம், அவர் உங்கள் அனுமதியோடு துளை போட்டிருந்தாலன்றி. அனுமதி கொடுத்தபோது "போகும்போது அடைத்துத் தர வேண்டும்" என்று ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கேள்வி: குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஓரடி உயரத்துக்குப் பெயின்ட் உப்பி உதிர்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. கட்டில் இடித்துத்தான் இப்படி ஆனது என்று குடியிருந்தவரிடம் சொன்னேன், அவர் மறுக்கிறார். – வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவர் சொல்வதுதான் சரி. கட்டில் இடித்தால் ஒரே உயரத்தில் கிடைமட்டமாகத் தழும்பு விழும், பூச்சு உடையும், உப்புப் பூக்காது. இது ஓதம். குளியலறைத் தரையிலிருந்தோ சுவருக்குள் ஓடும் குழாயிலிருந்தோ நீர் கசிகிறது. சந்தேகம் இருந்தால் ஓரடிச் சதுரத்தில் கெட்டியான பிளாஸ்டிக் தாள் ஒன்றை அந்தச் சுவரில் நான்கு புறமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கத்தில், சுவரைப் பார்த்த பக்கத்தில், நீர்த்துளி அரும்பியிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. கசிவை நிறுத்தாமல் பட்டி பார்த்து அடிக்கும் பணம், ஐப்பசி மழையின் முதல் வாரத்திலேயே தரையில் உதிர்ந்து கிடக்கும். கதவு நிலையின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் மயிரிழை விரிசலும், கான்கிரீட் பீமுக்கும் செங்கல் சுவருக்கும் இடையே நேர்கோடாக விழும் விரிசலும் இதே கணக்கில்தான் வரும். அவை கட்டடத்தின் சமாசாரம், குடியிருந்தவரின் கணக்கில் எழுத முடியாதவை.

கேள்வி: அடுத்த முறை இந்தத் தகராறே வராமல் இருக்க, புதிதாக வருபவரிடம் என்ன எழுதி வாங்க வேண்டும்? – வாசகர், ஈரோடு

பதில்: எழுதி வாங்குவதற்கு முன், காலி வீட்டை இருவரும் சேர்ந்து ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு சுவரையும் கைப்பேசியில் படம் எடுத்து, அன்றைக்கே அவருக்கும் அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே உள்ள ஓட்டை, விரிசல், கறை எல்லாம் அதில் இருக்கட்டும். கடைசியாக எந்த மாதம், எந்த ஆண்டு பெயின்ட் அடித்தீர்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேருங்கள். முதல் கேள்விக்கு நான் போட்ட தேய்மானக் கணக்கு அந்தத் தேதி இல்லாமல் நகராது. ஆணியே கூடாது என்று எழுதாதீர்கள், யாரும் கடைப்பிடிக்கப் போவதில்லை. அதைவிட, சுவாமி படத்துக்கும் கடிகாரத்துக்கும் டி.வி.க்கும் நீங்களே இடம் பார்த்துப் பிளாஸ்டிக் கட்டை வைத்துத் திருகாணி பொருத்திக் கொடுத்துவிட்டால், அடுத்தடுத்து வருகிறவர்களும் அதே ஆணிகளிலேயே மாட்டுவார்கள். சுவிட்சுப் பெட்டிக்கு நேர் மேலேயும் கீழேயும் மட்டும் வைக்க வேண்டாம். சுவருக்குள் வயர் ஓடும் பாதை அது.

இன்னொன்று, பெயின்ட் அடித்து முடிந்ததும் மிஞ்சியதைப் பெரிய டப்பாவிலேயே விட்டுவைத்தால் உள்ளிருக்கும் காற்றில் பாலாடை போல ஆடை படிந்து கட்டியாகிவிடும். காலி ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதில் கழுத்து வரை ஊற்றி, மேலே எந்த அறை, எந்த ஷேட் எண், எந்த மாதம் என்று எழுதி ஒட்டிப் பரணில் வையுங்கள்.